டிப்ஸ்டிக்கை வெளியே இழு!

இழு தம்பி! கை ஏன் தயங்குகிறது?

கறுப்பாக வரவேண்டிய ஆயில், பால் ஊற்றிய காபி நிறத்தில் வருகிறது. பார்த்ததும் உன் முகம் வெளுத்துவிட்டது!

சூட்டு மீட்டரின் முள் ஏற்கெனவே சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. இப்போது ஆயிலில் தண்ணீர் வேறு.

உன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு என்ன? ‘இன்ஜின் முடிஞ்சுதுண்ணே!’

யார் முடித்தது? இன்ஜினா, நீயா?

ஒரு போல்ட்டைக் கழற்றினாயா? ஒரு கேஜை மாட்டினாயா? கையில் பிசுக்குப் படுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டாயே!

அடுத்த சாக்கும் தயாராக இருக்கிறது. ‘டம்பர், டோசர்னா ஒரு கை பார்த்திருப்பேன். இது ஜெட் படகாச்சே! நெய்வேலிக்காரனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?’

என்ன சம்பந்தமா? கேள்!

வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டினால் கடலூர். கடல் உனக்கு அவ்வளவு பக்கம். அங்கே துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் விசைப்படகுகள் ஓடுவது டீசலில்.

பிச்சாவரத்துக் கழிமுகத்தில் மோட்டார் படகு ஓடுகிறது. வடக்கே காட்டுப்பள்ளியில் கடலோரக் காவல் படைக்காக நீர்த்தாரையில் பாயும் இடைமறிப்புப் படகுகளைக் கட்டினார்கள்.

அவை எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் இருப்பது என்ன? நீ ஐ.டி.ஐ.யில் கழற்றி மாட்டிய அதே பிஸ்டன்! அதே ஹெட்! அதே கேஸ்கட்! அதே ஆயில் பம்பு!

‘படகு’ என்ற பேரைக் கேட்டே பயந்துவிட்டாய். பேருக்குப் பயப்படுகிறவன் இன்ஜினைத் தொடுவது எப்போது?

ஃபிட்டரோ டீசல் மெக்கானிக்கோ எடுத்துப் படித்த தங்கையே, இது உனக்கும்தான்!

ஜெட் படகை உலகத்துக்குக் காட்டியவர் யார் தெரியுமா? கப்பல் கம்பெனி முதலாளியா? நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த பில் ஹாமில்டன்!

அவர் ஊர் ஆறுகளில் ஆழம் கிடையாது. கூழாங்கல் மேல் சலசலத்து ஓடும் தண்ணீர். சாதாரணப் படகை விட்டால் புரொப்பெல்லர் கல்லில் அடித்து உடையும்.

‘இந்த ஆத்துல படகு ஓடாது’ என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போனாரா? போகவில்லை!

படகுக்கு அடியில் தண்ணீரை உறிஞ்சி, பம்பில் அழுத்தி, பின்பக்கமாகப் பீய்ச்சினால் அந்த உதையே படகைத் தள்ளும். 1950-களின் நடுவில் தன் பண்ணைப் பட்டறையிலேயே இதைச் செய்து செய்து பார்த்தார்.

தாரையைத் தண்ணீருக்குள்ளேயே விட்டபோது படகு ஊர்ந்தது. நீர்மட்டத்துக்கு மேலே பீய்ச்சியபோது சீறிப் பாய்ந்தது!

கொலராடோ ஆற்றில் எதிர்த்து ஏறப்போகிறேன் என்றார். பத்திரிகைகள் சிரித்தன. 1960-இல் அவருடைய படகுகள் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் வழியே வெள்ளத்தை எதிர்த்து ஏறிக் காட்டின!

ஒரு பண்ணைக்காரர் இல்லாத படகை உண்டாக்கினார். இருக்கிற படகைத் திறந்து பார்க்க உனக்கு என்ன தடை?

சரி, வா. வேலையைத் தொடங்குவோம். முதல் உத்தரவு: சாவியைத் தொடாதே!

‘இன்னொரு செல்ஃப் அடிச்சுப் பார்க்கலாமே’ என்று கை பரபரக்கும். அடக்கு!

சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் என்ன ஆகும்? காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டும். கனெக்டிங் ராட் வளையும். ஒரு கேஸ்கட்டோடு போகவேண்டிய செலவு இன்ஜினையே காவு வாங்கிவிடும்!

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்று. அத்தனையையும்! அதன் பிறகு இன்ஜினைச் சுழற்று. எந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் தெறிக்கிறது என்று பார். எந்தச் சிலிண்டரில் சிக்கல் என்பதை இன்ஜினே காட்டிக் கொடுக்கும்.

பயந்தவன் இதைச் செய்யமாட்டான். அவன் என்ன செய்வான் தெரியுமா? ஆயிலை மாற்றுவான்!

புது ஆயில் ஊற்றுவான். ஓட்டுவான். மறுபடி வெளுக்கும். மறுபடி ஊற்றுவான். டப்பா டப்பாவாகப் பணம் கரையும். ஓட்டை அங்கேயே இருக்கும்!

ஓட்டையைத் தேடாமல் ஆயிலை மாற்றுகிறவன் உழைக்கவில்லை. ஒளிந்துகொள்கிறான்!

நீ ஒளிந்துகொள்ளாதே. தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கேள்!

அதற்கு, தண்ணீர் போகும் வழி தெரியவேண்டும். இந்த ஜெட் படகில் உனக்குப் புதிது அது ஒன்றுதான்.

இதைப் போல 1970-களில் அமெரிக்காவில் கட்டிய ஜெட் படகுகளில் பெரும்பாலும் எட்டு சிலிண்டர் கார் இன்ஜின்தான் இருக்கும். பெட்ரோலில் ஓடும். ரேடியேட்டர் இல்லை. விசிறி இல்லை. படகைத் தள்ளும் ஜெட் பம்பிலிருந்தே ஒரு குழாய் பிரிந்து வந்து இன்ஜினைக் குளிரவைக்கும்.

ஆற்றுத் தண்ணீர் அப்படியே உள்ளே நுழைகிறது. மணல் வடிகட்டி, ஆயில் கூலர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, பிளாக், ஹெட் என்று சுற்றிவிட்டு வெளியே கொட்டுகிறது. படகுக்குப் படகு வரிசை மாறும். குழாயைக் கையால் தொட்டுத் தொட்டுப் போ. நீயே வரைந்துகொள்.

இப்போது கேள்விகள். எப்போது சூடாகிறது?

‘எப்பவும்தாண்ணே!’ இது பதிலா? பார்க்காதவன் சொல்லும் பதில்!

மெதுவாகப் போகும்போது சூடேறி, வேகம் எடுத்ததும் இறங்குகிறதா? பம்பின் அழுத்தம் குறைகிற நேரத்தில் தண்ணீர் போதவில்லை. உள்ளே வரும் பாதையில் பாசியோ மணலோ அடைத்திருக்கிறது.

வேகத்தில் மட்டும் ஏறுகிறதா? அரை அடைப்பு, கேஸ்கட் கசிவு, இக்னிஷன் டைமிங். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்.

ஆழமில்லாத இடத்தில் தரையை உரசி வந்த பிறகு ஆரம்பித்ததா? மணல்தான்! பிளாக்கின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்று. தண்ணீர் வரவில்லையா? ‘உள்ளே ஒன்றும் இல்லை’ என்று மூடிவிடாதே! கம்பியை விட்டுக் குத்து. இறுகிப்போன சேற்றுக்குப் பின்னால் தண்ணீர் காத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று இருக்கிறது. இதைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் மட்டும் ஆபத்து என்று நினைக்காதே. கூடினாலும் ஆபத்து!

முழு வேகத்தில் ஜெட் பம்பின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டைத் தாண்டிப் போகும். கார் இன்ஜினின் தண்ணீர் அறைகளுக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். அதனால்தான் நடுவில் ஒரு வால்வு வைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள்.

அந்த வால்வைப் பார்த்தாயா? ‘சூடாகுதே, தண்ணி நிறைய விடுவோம்’ என்று உனக்கு முன்னால் வந்த எவனாவது அதை முழுக்கத் திறந்து வைத்திருக்கலாம்!

என்ன ஆகும்? கேஸ்கட் பிதுங்கும். ஆயில் கூலரின் உள்குழாய் விரியும். தண்ணீர் ஆயிலுக்குள் பாயும். சூட்டைக் குறைக்கப் போனவன் ஆயிலைக் கெடுத்துவிட்டான்!

எதிர்ப்பக்கமும் நடக்கும். சூடேறி ஹெட் கோணினால், கேஸ்கட் பிடி விடும். அதன் வழியே தண்ணீர் இறங்கும். நீ இரண்டு வியாதி என்று பயந்தாய். பெரும்பாலும் ஒன்றிலிருந்துதான் மற்றொன்று பிறக்கிறது.

அழுத்தம் என்றவுடன் உனக்கு உன் ஊர் ஞாபகம் வரவேண்டாமா?

நெய்வேலியின் கதையே தண்ணீர் அழுத்தத்தின் கதைதானே!

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. பழுப்பு நிலக்கரி! தகவலைக் கொண்டு வந்தது தண்ணீர்.

அந்தத் தண்ணீரே வழியையும் மறித்தது. கரிப் படிவத்துக்கு அடியில், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில், மேலே வரத் துடித்துக்கொண்டு நிலத்தடி நீர்!

மேலே இருக்கும் மண்ணை அள்ள அள்ள பாரம் குறையும். பாரம் குறைந்தால் சுரங்கத்தின் தரை பொத்துக்கொள்ளும். சுரங்கம் ஏரியாகிவிடும்.

அன்றைக்கு இருந்த இன்ஜினியர்கள் ‘முடிஞ்சுதுண்ணே’ என்றார்களா?

1950-களில் சோதனைக்காக ஒரு சிறு சுரங்கம் வெட்டினார்கள். இறைத்துப் பார்த்தார்கள். அளந்தார்கள்! எந்த ஆழத்தில் எவ்வளவு நீர், எங்கே கிணறு போட்டால் அழுத்தம் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

1956 நவம்பரில் சுரங்கத்துக்கான நிறுவனம் பிறந்தது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரிப் படிவம் வெளிச்சத்தைப் பார்த்தது. 1962-இல் மின்சாரம்!

அந்தக் கிணறுகளின் பம்புகள் இன்றைக்கும் இரவு பகலாக இறைக்கின்றன. நீ தூங்கும்போதும் உன் ஊர் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இதோடு முடிந்ததா? ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்களின் பற்களைக் கடலூர் மணற்கல் தேய்த்துத் தின்றது. இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினார்களா? முன்னால் வெடி வைத்து மண்ணைத் தளர்த்தினார்கள். பற்களை மாற்றி மாற்றி உறுதியாக்கினார்கள்.

அந்த ஊரில் வளர்ந்துவிட்டு, ஒரு இன்ஜினுக்குள் புகுந்த ரெண்டு லிட்டர் தண்ணீருக்கு நடுங்குகிறாயே!

‘சுரங்கத்துல பர்மனென்ட் ஆகலையே, கான்ட்ராக்ட்தானே, எனக்கு என்ன வந்தது’ என்கிறாய். எனக்குத் தெரியும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்தின் பிள்ளையாக இருந்தால் உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கேள். உரக்கக் கேள். யாருக்கும் விட்டுக்கொடுக்காதே!

ஆனால் கேட்கிற காலத்தில் கையைச் சும்மா வைத்திருக்காதே. வேலை ஆர்டர் வருவது மற்றவன் கையில். தொழில் உன் கையில்!

வா, மறுபடி இன்ஜினுக்கு.

சம்ப்பின் டிரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்து. இரவு முழுக்க நின்ற இன்ஜினில் தண்ணீர் அடியில் தங்கும். ஆயிலுக்கு முன்னால் தெளிந்த தண்ணீர் வருகிறதா? எவ்வளவு? பாட்டிலில் பிடித்து அள!

அளவு குறைவு, ராக்கர் கவரின் உள்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வெளுத்த பசை என்றால் இன்ஜினை இறக்கிவிடாதே. குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரில் ஓடும் இன்ஜின் சரியாகச் சூடேறாமலே நின்றால், உள்ளே வியர்த்த ஈரம் ஆவியாகாமல் ஆயிலில் கலந்துவிடும். பல பழைய படகுகளில் தெர்மோஸ்டாட்டே இருக்காது. அதற்குப் போய் ஹெட்டைத் தூக்குவாயா?

ஆயில் கூடியிருக்கிறது, ஆனால் வெளுக்கவில்லை, நீர்த்திருக்கிறது. முகர்ந்து பார். பெட்ரோல் வாசனையா? அப்படியென்றால் தண்ணீரைத் தேடி அலையாதே. பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். கார்புரேட்டர் ஃப்ளோட் சிக்கியிருக்கலாம். ஒரு தீப்பொறி போதும் படகு எரிய. காற்றோட்டம் விட்டு வேலை செய்!

நிஜமாகவே தண்ணீர்தான் என்றால், அது வரக்கூடிய வாசல்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆயில் கூலர். இதில் தொடங்கு, கழற்றுவது சுலபம். ஆயில் பக்கத்தை அடைத்துக் காற்று ஏற்று. தண்ணீர் வாளியில் முக்கு. குமிழி வருகிறதா? பிடித்துவிட்டாய்!

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. உள்ளே விரிசல் விட்டால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டரில் விழும். ரிங்கைத் தாண்டி ஆயிலுக்கு இறங்கும். இதைத் தெரியாமல் நல்ல ஹெட்டைத் தூக்கி ஃபேசிங் போட்டவர்கள் உண்டு. மேனிஃபோல்டைக் கழற்றி, துளைகளை அடைத்து, அழுத்தம் கொடுத்துப் பார்த்த பிறகே ஹெட் பக்கம் கை வை.

இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட். ஹெட் கேஸ்கட். எல்லாவற்றுக்கும் கடைசியில் பிளாக் விரிசல். நீ முதலில் பயந்தது இந்தக் கடைசிக்குத்தானே? முதல் வாசலைத் தட்டாமலே கடைசி வாசலில் போய் உட்கார்ந்து அழுதாய்!

கண்டுபிடித்துச் சரி செய்ததும் காலரைத் தூக்கிவிடாதே. வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. வெளுத்த ஆயில் பேரிங்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே நிறுத்தினால் துரு ஏறும். விலை குறைந்த ஆயில் ஊற்று, ஃபில்டரை மாற்று, சூடேறும்வரை ஓடவிடு, வடித்துவிடு. நிறம் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்!

அலுப்பாக இருக்கிறதா? 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பார்!

தேவனாம்பட்டினத்திலும் கடலூர்க் கரை நெடுகிலும் கடல் ஏறி வந்து மனிதர்களை அள்ளிப் போனது. மிஞ்சிய படகுகள் உடைந்து கிடந்தன. இன்ஜின்கள் உப்புத் தண்ணீரைக் குடித்து மணலுக்குள் புதைந்து கிடந்தன.

உப்பு ஒரு நாள் கூடக் காத்திருக்காது. இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும்.

தோண்டி எடுத்தார்கள். நல்ல தண்ணீரில் கழுவினார்கள். பாகம் பாகமாகப் பிரித்து, துடைத்து, ஆயில் விட்டு, மறுபடி பூட்டினார்கள். வீட்டில் சாவு விழுந்தவர்களே அந்த வேலையில் நின்றார்கள். அந்த இன்ஜின்களில் எத்தனையோ மறுபடி கடலுக்குப் போயின!

உன் கண் முன்னால் நிற்பது நிழலில், நிமிர்ந்து, முழுசாக நிற்கும் ஒரு இன்ஜின். இதற்கா கை நடுங்குகிறது?

‘எல்லாம் செய்தும் பிளாக் விரிசலாக இருந்தால்?’

இருக்கலாம்! ஏன் மறைக்கவேண்டும்? எல்லா இன்ஜினும் பிழைக்காது.

1977-இல் எட்மண்ட் ஹிலாரி, கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து மூன்று ஜெட் படகுகளில் ஏறினார். வெள்ளத்தை எதிர்த்து, காசி தாண்டி, ஹரித்துவார் தாண்டி, இமயத்துக்குள் போனார். நந்தப்பிரயாகைக்குப் பக்கத்தில் ஒரு அருவி குறுக்கே நின்றது. படகு ஏறவில்லை!

எவரெஸ்டில் முதன்முதலாகக் கால் வைத்த இருவரில் ஒருவர்! அவருக்கே வழி அடைபட்டது. படகை விட்டு இறங்கினார்கள். மலையை நோக்கி நடந்தார்கள். உயரத்தில் ஹிலாரிக்கு உடம்பு முடியாமல் போய் அவரைக் கீழே இறக்கவேண்டி வந்தது. குழுவில் மற்றவர்கள் சிகரம் ஏறினார்கள்.

அவர்களைத் தடுத்தது அருவி. கரையிலேயே நின்று ‘அருவி இருக்குமாமே’ என்று அவர்கள் திரும்பிவிடவில்லை!

பிளாக் விரிசல் என்று சோதித்துச் சொன்னால் நீ மெக்கானிக். சோதிக்காமல் சொன்னால் நீ வேடிக்கை பார்க்க வந்தவன். சோதித்துச் சொன்ன பேச்சுக்குப் படகுக்காரர் மதிப்புக் கொடுப்பார். சோதிக்காமல் சொன்னால் வேறு ஆளைத் தேடுவார்.

கூலரைப் பார்த்தாய், குமிழி இல்லை. மேனிஃபோல்டைப் பார்த்தாய், தாங்குகிறது. சோர்ந்துவிட்டாயா? இரண்டு வாசலை மூடிவிட்டாயே, அது தெரியவில்லையா உனக்கு?

ஹெட் கேஸ்கட்டின் முறை. கம்ப்ரஷன் கேஜை எடு. நோட்டில் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எழுது.

த்ராட்டிலை முழுக்கத் திறந்து வை. இக்னிஷன் வயரைப் பிரித்து வை. பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள். மெதுவாகச் சுற்றினால் எண் பொய் சொல்லும்.

பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் இறங்கிக் காட்டினால், நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது. ஒன்று மட்டும் இறங்கினால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அடி. ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு, அல்லது அந்த இடத்துக் கேஸ்கட்.

மாட்டினாயா? அடி! முள் எங்கே நிற்கிறது? எழுது! கழற்று, அடுத்தது இரண்டாம் நம்பர்!